போன் சொன்ன ஒரு தப்பான பதில்... மூடிக்கொண்ட ஆப்கள்! ப்ராசஸரின் 'அட்டாமிக்' கட்டளைகள் பற்றித் தெரியுமா?

2018-ல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்9, எஸ்9 பிளஸ் போன்கள் நினைவிருக்கிறதா? இந்தியாவில் விற்பனையான எஸ்9, சாம்சங்கின் சொந்த சிப்பான எக்ஸினோஸ் 9810-உடன் வந்தது. அன்றைய தேதியில் அது டாப் மாடல்.

ஆனால் அந்த போனில் ஒரு விசித்திரமான பிரச்னை தலைகாட்டியது. கூகுளின் 'கோ' கணினி மொழியில் எழுதிய பகுதிகளைக் கொண்ட ஆப்கள், எஸ்9 பிளஸ்ஸில் படாரென்று மூடிக்கொண்டன. ஆப்பை எழுதியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. பிழைப் பதிவைப் பார்த்தால் அதில் இருந்தது 'சிக்-இல்'. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதன் சுருக்கம். 'எனக்குப் புரியாத கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள்' என்று ப்ராசஸர் கைவிரித்துவிட்டது என்று அர்த்தம்.

போனின் இயங்குதளம் ஆப்பிடம், "இந்தக் கட்டளை எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருந்தது. அதை நம்பி ஆப் அந்தக் கட்டளையைக் கொடுத்தது. அந்த பதில் பாதிதான் உண்மை. அதில்தான் கதையே இருக்கிறது.

அது என்ன கட்டளை? போன் ஏன் தப்பாகச் சொன்னது? ஒரே ஆப் பழைய போனிலும் ஓடுகிறது, புது போனிலும் ஓடுகிறதே, அது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மொய்க் கணக்கில் காணாமல் போன 1,000 ரூபாய்

முதலில் 'அட்டாமிக்' என்றால் என்ன? ஒரு கல்யாண மண்டபத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூட்டம் அதிகம் என்பதால் மொய் எழுத இரண்டு மேஜை போட்டிருக்கிறார்கள். இரண்டு மாமாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரை அவரவர் நோட்டில் எழுதுவார்கள். மொத்தத் தொகையை மட்டும் நடுவில் இருக்கும் ஒரே போர்டில் எழுத வேண்டும்.

போர்டில் 10,500 என்று இருக்கிறது. முதல் மாமாவிடம் 500 ரூபாய் வருகிறது. போர்டைப் பார்க்கிறார், மனசுக்குள் கூட்டுகிறார்: 11,000. அவர் எழுந்து எழுதப் போவதற்குள், இரண்டாவது மாமாவிடம் 1,000 ரூபாய் வருகிறது. அவரும் அதே 10,500-ஐப் பார்த்துக் கூட்டி, 11,500 என்று எழுதிவிட்டு வருகிறார். இப்போது முதல் மாமா போய் அதை அழித்துவிட்டு 11,000 என்று எழுதுகிறார்.

பெட்டியில் இருப்பது 12,000. போர்டில் இருப்பது 11,000. யாரும் திருடவில்லை, யாரும் தப்பாகக் கூட்டவும் இல்லை. ஆனாலும் 1,000 ரூபாய் கணக்கில் இல்லை.

இன்றைய போனில் பெரும்பாலும் 8 கோர்கள் இருக்கின்றன. 8 மாமாக்கள், நினைவகம் என்ற ஒரே போர்டு. பார்ப்பது, கூட்டுவது, எழுதுவது என்ற மூன்று வேலையையும் நடுவில் யாரும் புகாதபடி ஒரே மூச்சில் முடிப்பதற்குத்தான் 'அட்டாமிக்' செயல் என்று பெயர். 'பிரிக்க முடியாதது' என்ற பொருளில் வைத்த பெயர் அது. அணுகுண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

வங்கி ஆப் முதல் வீடியோ பிளேயர் வரை, ஒன்றுக்கும் மேற்பட்ட கோர்களைப் பயன்படுத்தும் எந்த மென்பொருளும் இது இல்லாமல் நகராது. ஒரு தரவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுவது, ஒரு பூட்டைப் போடுவது, திறப்பது என எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

பழைய வழி... புது வழி

நம் போன்களில் இருப்பது ஆர்ம் வகை ப்ராசஸர். இதில் 64 பிட் யுகத்தைத் தொடங்கி வைத்த தலைமுறை, ஆர்ம் 8.0. அதில் அட்டாமிக் வேலையைச் செய்ய இரண்டு கட்டளைகள் ஜோடியாக வரும்.

நம் மண்டபத்துக்கே வருவோம். மாமா போர்டைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, "நான் கூட்டி முடிக்கிற வரைக்கும் யாராவது இதைத் தொடுறாங்களான்னு பார்த்துக்கோடா" என்கிறார். கூட்டி முடித்து எழுதப் போகும்போது பையன் "யாரும் தொடலை மாமா" என்றால் எழுதுவார். "தொட்டுட்டாங்க" என்றால், மறுபடி முதலில் இருந்து பார்த்துக் கூட்டுவார்.

இரண்டு, நான்கு மாமாக்கள் இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். 64 மாமாக்கள் இருந்தால்? ஒவ்வொருவரும் கூட்டி முடிப்பதற்குள் வேறு யாரோ தொட்டிருப்பார்கள். திரும்பத் திரும்பக் கூட்டுவதிலேயே நேரம் போகும். பாவம், யாரோ ஒரு மாமாவுக்கு வாய்ப்பே கிடைக்காமலும் போகலாம்.

64 கோர் என்பது கற்பனை இல்லை. 2019 டிசம்பரில் அமேசான் அறிவித்த கிராவிடான்2 என்ற சர்வர் சிப்பில் 64 ஆர்ம் கோர்கள் இருந்தன.

இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்துத்தான் ஆர்ம் 8.1 தலைமுறையில் புதுக் கட்டளைகளைச் சேர்த்தார்கள். 'லார்ஜ் சிஸ்டம் எக்ஸ்டென்ஷன்ஸ்', சுருக்கமாக எல்எஸ்இ என்று பெயர். நிறைய கோர்கள் உள்ள பெரிய கணினிகளுக்கானது என்பது பெயரிலேயே இருக்கிறது. இதில் மாமா எழுந்து போகவே வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் இருந்தே "500 கூட்டு" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். கூட்டும் வேலையை வன்பொருளே ஒரே கட்டளையில் முடித்துக் கொடுத்துவிடும்.

போட்டி இல்லாத இடத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரே தரவுக்குப் பல கோர்கள் அடித்துக்கொள்ளும் இடத்தில்தான், அதாவது டேட்டாபேஸ் மாதிரியான மென்பொருட்களில்தான், புது வழியின் அருமை தெரியும்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

புதுக் கட்டளை நல்லதுதான். ஆனால் பழைய ப்ராசஸருக்கு அது தெரியாதே! தெரியாத கட்டளை வந்தால் ப்ராசஸர் அதைத் தாண்டிப் போகாது, குத்துமதிப்பாகவும் எதையாவது செய்யாது. நின்றுவிடும். உடனே இயங்குதளம் அந்த ஆப்பை மூடிவிடும். அதுதான் நாம் முதலில் பார்த்த 'சிக்-இல்'.

'பழைய போனை யார் இன்னும் வைத்திருக்கிறார்கள்?' என்று கேட்கலாம். இங்கே 'பழைய' என்பது வாங்கிய வருஷத்தைப் பொறுத்தது இல்லை. 2017-ன் டாப் சிப்பான ஸ்னாப்டிராகன் 835-க்கு எல்எஸ்இ தெரியாது. 2018-ல் வந்த 845-க்குத் தெரியும். ஆனால் 2020-ல் பட்ஜெட் போன்களுக்காக வந்த மீடியாடெக் ஹீலியோ ஜி35-ல் இருக்கும் 8 கோர்களும் கார்டெக்ஸ் ஏ53. அது ஆர்ம் 8.0 வகை. அதாவது, குறைந்த விலைக்குப் புது போன் வாங்கியவர் கையில் இருப்பதும் இந்தக் கணக்கில் 'பழைய' ப்ராசஸர்தான்.

ஆப் தயாரிப்பவர் முன் இப்போது இரண்டு வழி. புதுக் கட்டளையைப் போட்டால் பட்ஜெட் போன்காரர்களை இழக்க வேண்டும். பழைய வழியிலேயே நின்றால் புது ப்ராசஸரின் வேகம் வீணாகும். யாராவது ஒருவருக்கு நஷ்டம் நிச்சயமா? இல்லை. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: கேட்டுவிட்டுச் செய்வது!

"உனக்கு என்ன தெரியும்?"

லினக்ஸ் கெர்னல்தான் ஆண்ட்ராய்டுக்கும் அடித்தளம். ஒரு நிரலைத் தொடங்கும்போது கெர்னல் அதன் கையில் ஒரு சின்ன அட்டவணையைக் கொடுக்கும். அதில் ஒரு வரிசையின் பெயர் 'எச்டபிள்யூகேப்', அதாவது வன்பொருளின் திறமைகள். அது வெறும் ஓர் எண். அந்த எண்ணின் ஒவ்வொரு பிட்டும் ஒரு திறமைக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லும். 64 பிட் ஆர்மில், 0-வில் இருந்து எண்ணினால் 8-வது பிட், எல்எஸ்இ அட்டாமிக் கட்டளைகளுக்கானது. அது 1 என்றால் 'தெரியும்'. 0 என்றால் 'தெரியாது'.

இந்த பதிலை வைத்துக்கொண்டு சரியான வழியைத் தேர்ந்தெடுக்க மூன்று முறைகள் இருக்கின்றன.

முறை 1: ஒரே லைப்ரரி, இரண்டு நகல்

எந்த நிரலும் எல்லா வேலையையும் தானே செய்துகொள்வதில்லை. பூட்டுப் போடுவது, நினைவகம் ஒதுக்குவது போன்ற பொது வேலைகள் சிஸ்டம் லைப்ரரிகளில் இருக்கும். நிரல் தொடங்கும்போது தேவையான லைப்ரரியைத் தேடி எடுத்து வந்து இணைத்து வைப்பவர், 'டைனமிக் லிங்கர்'. நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே இவர் வேலையை முடித்திருப்பார்.

லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரிக்கு, 2018-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ப்ராசஸருக்கு எல்எஸ்இ தெரியும் என்றால், டைனமிக் லிங்கர் வழக்கமான இடத்துக்கு முன்னால் 'அட்டாமிக்ஸ்' என்ற துணை அடைவிலும் தேடிப் பார்க்கும். உபுண்டு 20.04-ல் இதற்காகவே தனி பேக்கேஜ் ஒன்று இருந்தது. அதை நிறுவினால், புதுக் கட்டளைகளோடு தயாரித்த இன்னொரு நகல் அந்த அடைவில் போய் உட்காரும். புது ப்ராசஸர் அதை எடுத்துக்கொள்ளும். பழையது வழக்கமான நகலிலேயே ஓடும்.

சுலபமான வழிதான். ஆனால் ஒவ்வொரு லைப்ரரிக்கும் இரண்டு நகல் என்றால் சேமிப்பிடம் இரட்டிப்பாகும். அந்தத் தனி பேக்கேஜைப் போட மறந்தவருக்கு வேகமும் கிடைக்காது.

முறை 2: வேலைக்கு வேலை ஆள் மாற்றுவது

முழு லைப்ரரியையும் மாற்றாமல், அதில் உள்ள ஒரு செயலுக்கு மட்டும் இரண்டு வடிவம் வைத்திருக்கலாம். 'ஐஃபங்க்' என்று இதற்குப் பெயர். டைனமிக் லிங்கர் அந்தச் செயலை இணைக்கும்போது, "எந்த வடிவத்தைப் போடட்டும்?" என்று லைப்ரரியிடமே கேட்கும். லைப்ரரி எச்டபிள்யூகேப் எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றைக் கைகாட்டும். அதற்குப் பிறகு அந்த நிரல் முடியும்வரை மறுபடி கேள்வியே கிடையாது. ஜிசிசி கம்பைலரோடு வரும் 'லிப்அட்டாமிக்' இந்த வழியைப் பயன்படுத்துகிறது.

முறை 3: கம்பைலரே பார்த்துக்கொள்வது

மேலே சொன்ன இரண்டும் லைப்ரரிக்குள் இருக்கும் வேலைக்குத்தான் உதவும். நீங்கள் எழுதும் நிரலுக்குள்ளேயே அட்டாமிக் செயல்கள் நேரடியாக இருந்தால்?

2020-ல் வந்த ஜிசிசி 10-ல் இதற்கு விடை கிடைத்தது. 'அவுட்லைன் அட்டாமிக்ஸ்' என்று பெயர். அட்டாமிக் கட்டளையை அந்த இடத்திலேயே எழுதாமல், ஒரு குட்டி உதவிச் செயலைக் கூப்பிடும்படி கம்பைலர் மாற்றிவிடும். நிரல் தொடங்கும்போது எச்டபிள்யூகேப் பதில் ஒரு மாறியில் குறித்து வைக்கப்படும். உதவிச் செயல் அந்த மாறியைப் பார்க்கும். 'தெரியும்' என்றால் புதுக் கட்டளை, 'தெரியாது' என்றால் பழைய ஜோடி. ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சோதனை கூடுதல், அவ்வளவுதான்.

ஜிசிசி 10-ல் இருந்து 64 பிட் ஆர்ம் லினக்ஸுக்கு இது தானாகவே இயங்கும். யாரும் எதையும் தேர்வு செய்ய வேண்டாம். இதனால் இரண்டு நகல் வைக்கும் பழக்கத்துக்கும் தேவை குறைந்தது. 2023-ல் வந்த ஜிலிப்சி 2.37, அந்தப் பழைய துணை அடைவுத் தேடலையே எடுத்துவிட்டது.

எஸ்9-ல் நடந்தது என்ன?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மூன்று முறைகளும் ஒரே ஒரு நம்பிக்கையில்தான் நிற்கின்றன: கெர்னல் சொல்லும் பதில் சரியாக இருக்கும்!

எக்ஸினோஸ் 9810-ல் இரண்டு வகைக் கோர்கள் உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்தும் 4 சின்னக் கோர்கள், கார்டெக்ஸ் ஏ55. அவை ஆர்ம் 8.2, எல்எஸ்இ தெரியும். வேகத்துக்கான 4 பெரிய கோர்கள், சாம்சங்கே வடிவமைத்தவை. அவை ஆர்ம் 8.0. எல்எஸ்இ தெரியாது. ஆமாம், சின்னதுக்குத் தெரிந்தது பெரியதுக்குத் தெரியவில்லை!

ஓர் ஆப் ஒரே கோரில் உட்கார்ந்திருப்பதில்லை. வேலை குறைவாக இருந்தால் சின்னக் கோர், கூடினால் பெரிய கோர் என்று கெர்னல் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் 'எனக்கு என்ன தெரியும்' என்ற பட்டியலில், எல்லாக் கோர்களுக்கும் பொதுவாகத் தெரிந்ததை மட்டுமே கெர்னல் சொல்ல வேண்டும். நான்கு பேருக்குத் தமிழ் மட்டும், மற்ற நான்கு பேருக்குத் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆபீஸில், யார் போனை எடுத்தாலும் புரிய வேண்டும் என்றால் தமிழில்தானே பேச வேண்டும்? அதே கணக்குதான்.

ஆண்ட்ராய்டு 8.0-உடன் வந்த எஸ்9-ன் கெர்னல் இதில் சறுக்கியது. எல்எஸ்இ 'தெரியும்' என்று பதில் சொன்னது. ஆப் அதை நம்பியது. பெரிய கோருக்கு மாறிய பிறகு புதுக் கட்டளை வந்தால், அங்கேயே ஆட்டம் முடிந்தது.

கோ மொழிக் குழு 2018-ல் எடுத்த முடிவு கவனிக்க வேண்டியது. எந்த போன் சரியாகச் சொல்கிறது, எது தப்பாகச் சொல்கிறது என்று பிரிக்கப் போகாமல், ஆண்ட்ராய்டு என்றாலே இந்தக் கட்டளைகள் 'தெரியாது' என்று வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். காரணத்தையும் எஸ்9 பிளஸ்ஸின் பெயரோடு மூலநிரலிலேயே எழுதி வைத்தார்கள். அதாவது ஒரு போன் தப்பாகச் சொன்னதற்கு, சரியாகச் சொன்ன மற்ற ஆண்ட்ராய்டு போன்களும் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

இன்னொரு கம்பைலர் குடும்பமான எல்எல்விஎம் வேறு வழியில் போனது. அதன் லைப்ரரி, ஆண்ட்ராய்டில் ஓடும்போது முதலில் சிப்பின் பெயரைப் பார்க்கும். 'எக்ஸினோஸ் 9810' என்று தொடங்கினால், கெர்னல் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் பழைய வழியிலேயே போகும். எஸ்9-ன் ஆண்ட்ராய்டு 9 அப்டேட்டில் கெர்னலின் பதில் சரிசெய்யப்பட்டுவிட்டதாகத் தெரிகிறது என்றும், ஆண்ட்ராய்டு 8.0-க்கான ஆதரவை என்றாவது நிறுத்தினால் இந்தச் சோதனையை எடுத்துவிடலாம் என்றும் அதில் குறிப்பு இருக்கிறது.

கேட்காமலே முடிவு செய்தால்?

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று, 'புது ப்ராசஸர் இருந்தால்தான் ஓடும்' எனக் கறாராகச் சொல்பவர்களும் உண்டு. 2021-ல் வந்த மாங்கோடிபி 5.0, ஆர்ம் கணினிகளில் 8.2 தலைமுறையைக் கட்டாயமாக்கியது. 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-ல் இருப்பது கார்டெக்ஸ் ஏ72. அது ஆர்ம் 8.0. அதனால் மாங்கோடிபி-யின் அதிகாரபூர்வ ஆர்ம் பதிப்பு அதில் ஓடாது. 2023-ல் வந்த ராஸ்பெர்ரி பை 5-ல் கார்டெக்ஸ் ஏ76 இருப்பதால் இந்தப் பிரச்னை இல்லை.

நிறுவனத்துக்கு இது லாபம்தான். சோதிக்க வேண்டிய வகைகள் குறையும், வேகமும் கிடைக்கும். ஆனால் கையில் இருக்கும் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, மென்பொருளுக்காக அதை மாற்ற வேண்டிய நிலை சிலருக்கு வருகிறது.

இது இன்று தொடங்கியதும் இல்லை. இன்டெலின் 386-ல் இல்லாத அட்டாமிக் கட்டளைகள், 1989-ல் 486-உடன் வந்தன. மென்பொருட்கள் அவற்றை எதிர்பார்க்கத் தொடங்கின. 2005-ல் வந்த டெபியன் 3.1, 386-க்கான ஆதரவைக் கைவிட்டது. லினக்ஸ் கெர்னலே 2013-ல் வந்த 3.8 பதிப்பில் 386-ஐ வழியனுப்பி வைத்தது.

உங்களுக்கு இதில் என்ன?

சாதாரணப் பயனாளர் என்றால்: சிப் விவரம் காட்டும் ஏதாவது ஓர் ஆப்பைத் திறந்து, உங்கள் போனின் கோர் பெயர்களைப் பாருங்கள். கார்டெக்ஸ் ஏ53, ஏ72, ஏ73 மட்டும் இருந்தால் அது ஆர்ம் 8.0. ஏ55, ஏ75, ஏ76 என்று இருந்தால் அந்தக் கோர்களுக்குப் புதுக் கட்டளைகள் தெரியும். பழைய வகை என்றால் பதற வேண்டாம், 'கேட்டுவிட்டுச் செய்யும்' ஆப்கள் எல்லாம் ஓடும். சிஸ்டம் அப்டேட் வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எஸ்9 விஷயத்தில் பிழை இருந்தது ஆப்பில் இல்லை, கெர்னலில். அதைத் திருத்த சிஸ்டம் அப்டேட்டால்தான் முடியும்.

ஐடி வேலையில் இருப்பவர் என்றால், மூன்று விஷயம்.

ஒன்று, உங்கள் பில்ட் மெஷினின் ப்ராசஸருக்கு ஏற்றபடி கம்பைல் செய்யச் சொல்லும் 'நேட்டிவ்' தேர்வைப் போட்டுவிட்டு, அதே கோப்பை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். கிராவிடான்2-ல் தயாரித்தது அங்கே பறக்கும். ராஸ்பெர்ரி பை 4-ல் 'சிக்-இல்' வாங்கும்.

இரண்டு, கிளவுடில் ஆர்ம் சர்வருக்கு மாறிய பிறகு வேகம் எதிர்பார்த்த அளவு இல்லையா? மெஷினைப் பெரிதாக்கிக் கூடுதல் பணம் கட்டும் முன், உங்கள் டாக்கர் இமேஜில் இருக்கும் கம்பைலரும் லைப்ரரியும் எவ்வளவு பழையவை என்று பாருங்கள். ஜிசிசி 10-க்கு முந்தைய கருவிகளில் தயாரித்தது என்றால், 64 கோர் சர்வரிலும் அது பழைய வழியிலேயே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கலாம்.

மூன்று, ஒரே ஒரு மாடல் போனில் இருந்து மட்டும் 'சிக்-இல்' பிழை வந்தால், உங்கள் நிரலில் தப்பைத் தேடி ராத்திரி முழுக்க விழித்திருக்காதீர்கள். முதலில் அந்த போனின் சிப் எது, அதில் என்னென்ன கோர்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே தலைமுறையா என்று பாருங்கள். எஸ்9-ல் விடை அங்கேதான் இருந்தது.